சீட் வைத்த வாக்கர்: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் சொல்வது ஒரே விஷயம்தான்: "நடக்க முடியுது. ஆனா கொஞ்ச தூரம் போனதும் உட்காரணும் போல இருக்கு. வழியில உட்கார இடம் இல்லை." இதற்குப் பயந்தே வெளியில் போவதை விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கை வைத்த ஒரு வாக்கர் பெரிய உதவி. ஆனால் பொருந்தாததை வாங்கினால் அது மூலையில் கிடக்கும், இல்லையென்றால் ஆளைக் கீழே தள்ளும். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. சாதா வாக்கருக்கும் இதுக்கும் சீட் மட்டும்தான் வித்தியாசமா?

இல்லை. பெரிய வித்தியாசம் கீழே, கால்களில் இருக்கிறது. சாதாரண வாக்கருக்கு நாலு ரப்பர் கால்கள். தூக்கி முன்னால் வைத்து, அதை ஊன்றி ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும். ஊன்றினால் அது அசையாது. இருக்கை வைத்ததற்கு ரோலேட்டர் என்று பெயர். நாலு சக்கரம், இரண்டு கைப்பிடியிலும் பிரேக், நடுவில் இருக்கை, பெரும்பாலும் அதன் கீழே ஒரு பை. தூக்கவே வேண்டாம், தள்ளிக்கொண்டே போகலாம். முன் சக்கரங்கள் தாமாகத் திரும்பும்.

மூன்று சக்கர ரோலேட்டரும் உண்டு. குறுகலான இடத்தில் நன்றாக வளையும், ஆனால் வழக்கமாக அதில் இருக்கை இருக்காது. உட்கார வேண்டும் என்றால் நாலு சக்கரம்தான்.

2. எங்க அம்மாவுக்கு எது சரிப்படும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அம்மா இப்போது எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று கவனியுங்கள். சுவரையோ மேசையையோ உங்கள் தோளையோ தொட்டுக்கொண்டு நடக்கிறாரா, அல்லது அதன் மேல் சாய்ந்து தொங்கிக்கொண்டு நடக்கிறாரா? தொட்டுக்கொண்டு நடக்கிறவருக்கு ரோலேட்டர் பொருந்தும். உடம்பின் பாரத்தைக் கையில் போட்டு நடக்கிறவருக்குப் பொருந்தாது. அவர் அழுத்தும்போது சக்கரம் முன்னால் ஓடும், கால் பின்தங்கும், விழுவார்.

எலும்பு முறிவுக்குப் பிறகோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ "இந்தக் காலில் பாரம் போடக் கூடாது" என்று மருத்துவர் சொல்லியிருந்தால், ரோலேட்டர் பேச்சையே எடுக்காதீர்கள். அந்த நாட்களுக்குச் சக்கரம் இல்லாத வாக்கர்தான். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்ட் அவர் நடையைப் பார்க்கட்டும்.

3. உட்காரத்தானே வாங்குறோம்? சீட் நல்லா மெத்துனு இருந்தா போதாதா?

இந்தக் கேள்விதான் அதிகப் பேரைத் தவறான பொருளிடம் கொண்டுபோய் விடுகிறது. ஒரு மணி நேரம் வெளியில் போனால், நடுவில் மூன்று நான்கு முறை, சில நிமிடங்கள் உட்காருவார்கள். மீதி நேரம் முழுக்க அதைத் தள்ளிக்கொண்டு நடப்பதுதான். அதனால் நடைக்குப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், இருக்கை அதற்கு அப்புறம். கைப்பிடி உயரம், பிரேக், சக்கரம், அகலம் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகு மெத்தையைத் தொட்டுப் பாருங்கள்.

4. கைப்பிடி எவ்வளவு உயரத்துல இருக்கணும்?

வெளியே போகும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். இரண்டு கையும் பக்கத்தில் தளர்வாகத் தொங்கட்டும். மணிக்கட்டில் ஒரு மடிப்புக் கோடு இருக்கும். கைப்பிடி அந்தக் கோட்டின் உயரத்துக்கு வர வேண்டும். அதைப் பிடித்தால் முழங்கை லேசாக, 20 முதல் 30 டிகிரி வரை மடங்கும். அதுதான் சரியான அளவு. உயரம் கூடினால் தோள் காதை நோக்கி ஏறும். குறைந்தால் முதுகு கூனும்.

முதுகு வலி அதிகமாகிவிட்டது, வாக்கரே வேண்டாம் என்று ஒரு அம்மா வந்தார். பார்த்தால், பெட்டியிலிருந்து எடுத்தபோது கைப்பிடி எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில்தான் இருந்தது. யாருமே ஏற்றவில்லை. இரண்டு துளை மேலே ஏற்றிப் பொருத்தினோம். இரண்டு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "இப்போ எதிரே வர்ற ஆளோட முகம் தெரியுது" என்றார். அதுவரை தரையைப் பார்த்தே நடந்திருக்கிறார். ஏற்றி இறக்கும்போது இரண்டு பக்கமும் துளைகளை எண்ணிச் சமமாக வையுங்கள்.

5. சீட் உயரத்துக்கும் அளவு இருக்கா?

உண்டு. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை, காலணியோடு அளந்து கொள்ளுங்கள். இருக்கை அதே உயரத்தில் இருக்கலாம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாகவும் இருக்கலாம். கொஞ்சம் உயரமாக இருந்தால் எழுவது சுலபம், முட்டி வலிக்காரர்களுக்கு அது நல்லது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களைச் சில காலத்துக்குத் தாழ்வான இடத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்வது வழக்கம். அவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல மாடல்களில் கைப்பிடியை ஏற்றி இறக்கலாம், இருக்கையை முடியாது. அது 45 சென்டிமீட்டர் என்றால் 45, 55 என்றால் 55. குள்ளமானவர் உயரமான இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் ஆடும், இறங்கும்போது வழுக்கும். அப்படிப்பட்டவர்களுக்குச் சிறிய அளவிலேயே மாடல்கள் வருகின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள்.

6. வீட்டுக்குள்ள நுழையுமா?

வாசல் கதவை அளந்துவிட்டு வருகிறார்கள். அளக்க வேண்டியது குளியலறைக் கதவை. வீட்டிலேயே குறுகலானது பெரும்பாலும் அதுதான். கதவைத் திறந்து வைத்து, திறந்த கதவின் விளிம்பிலிருந்து எதிர்ப்பக்க நிலை வரை அளக்க வேண்டும். நிலைச்சட்டத்தின் அளவு உதவாது, கதவின் தடிமனே சில சென்டிமீட்டரை விழுங்கிவிடும். பல ரோலேட்டர்களின் மொத்த அகலம் 60 சென்டிமீட்டரை ஒட்டி வரும். கதவில் அதைவிட ஐந்தாறு சென்டிமீட்டர் மிச்சம் இருந்தால் கை இடிக்காது.

அதே நேரம் இருக்கையின் அகலத்தையும் பாருங்கள். இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்தால் தொடை இறுகக் கூடாது. இரண்டும் ஒத்துவராவிட்டால், இதை வெளியில் போக மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் வேறு ஏற்பாடு செய்வதே நல்லது. ஒரே பொருளால் எல்லாம் முடியாது.

7. சக்கரம் பெருசா சின்னதா?

வெளியில் போவதென்றால் குறைந்தது 20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குல விட்டம். 15 சென்டிமீட்டர் சக்கரம் வழவழப்பான தரைக்குச் சரி. வெளியில் ஒரு சின்னக் கல்லில் மோதினாலே வண்டி சட்டென்று நின்றுவிடும், தள்ளுகிறவர் நிற்க மாட்டார், முன்னால் சாய்வார்.

8. எவ்வளவு எடை தாங்கும்?

வண்டியின் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் எழுதியிருக்கும். 136 கிலோ என்ற எண்ணை நிறைய மாடல்களில் பார்ப்பீர்கள், அது 300 பவுண்டு. கனமான உடம்புக்காரர்களுக்கு 200 கிலோவும் அதற்கு மேலும் தாங்குபவை தனியாக உண்டு. எல்லையை ஒட்டி வாங்காமல், கொஞ்சம் இடைவெளி விட்டு வாங்குங்கள். ரோலேட்டர்களுக்கென்றே ஐஎஸ்ஓ 11199-2 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. கையேட்டில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியின் சொந்த எடையும் முக்கியம், அதை யாரும் கேட்பதில்லை. அலுமினியம் என்றால் 6 முதல் 10 கிலோ இருக்கலாம், இரும்பில் செய்தது இன்னும் கனம். காரில் ஏற்றப் போவது யார்? அப்பாவின் வண்டியைத் தூக்கப்போவது அம்மா என்றால், அம்மாவையே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மடக்கும் விதத்தையும் பாருங்கள். இரண்டு பக்கமும் உள்வாங்கி ஒல்லியாக மடங்குவது பல மாடல்களில் தானாகவே நிற்கும், மூலையில் வைக்கச் சுலபம்.

9. பிரேக்ல எத்தனை வகை? எது நல்லது?

பரவலாக இருப்பது சைக்கிள் பிரேக் மாதிரி கைப்பிடியில் இருக்கும் வகை. மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் வேகம் குறையும். கீழ்நோக்கி அழுத்தினால் "டக்" என்று பூட்டிக்கொள்ளும், கையை எடுத்தாலும் அப்படியே நிற்கும். இரண்டாவது வகையில் நெம்புகோல் இல்லை. கைப்பிடியில் பாரம் அழுத்தும்போது பின் சக்கரத்தின் மேல் பிரேக் இறங்கும். விரல் முடக்குவாதம் உள்ளவர்கள், பிடிமானம் குறைந்தவர்கள் முதல் வகையைத் தாமே அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பத்து முறை அழுத்திப் பூட்டித் திறக்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லோருக்கும் வரும், பத்தாவது முறை வருகிறதா என்பதுதான் கேள்வி.

சோதிக்கும் விதம்: இரண்டு பிரேக்கையும் பூட்டிவிட்டு வண்டியைத் தள்ளுங்கள். பின் சக்கரம் உருளவே கூடாது.

10. எப்படி உட்காரணும்? பின்னாடி விழுந்துடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பயப்படுவது நியாயம். ரோலேட்டரில் நான் பார்த்த விபத்துகளில் பாதிக்கு மேல் உட்காரும்போது நடந்தவை. முதலில் சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். முடிந்தால் முன் சக்கரங்கள் ஒரு சுவரை ஒட்டி இருக்கட்டும், அப்போது வண்டி நகர வழியில்லை. இரண்டு பிரேக்கையும் பூட்டுங்கள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்தபடி, சின்னச் சின்ன எட்டாக வைத்து முழுதாகத் திரும்புங்கள். இருக்கையின் விளிம்பு தொடையின் பின்னால் படும் வரை பின்னால் வாருங்கள். இரண்டு கையும் கைப்பிடிக்கு வந்த பிறகு மெதுவாக இறங்குங்கள். வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள்.

என்னிடம் வந்த ஒரு தாத்தா வலது பிரேக்கை மட்டும் பூட்டிவிட்டு உட்கார்ந்தார். இடது சக்கரம் உருண்டு வண்டி அரைவட்டம் அடித்தது. நல்லவேளை, நான் கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது: இரண்டு "டக்" காதில் விழாமல் உட்காராதீர்கள். அவர் இப்போது "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணிவிட்டுத்தான் உட்காருகிறார்.

எழும்போதும் பிரேக் பூட்டியபடியே இருக்கட்டும். வீட்டு நாற்காலியிலிருந்து எழுவதற்கு வாக்கரைப் பிடித்து இழுக்க வேண்டாம், நாற்காலியின் கையை அழுத்தி எழுந்த பிறகு வாக்கரைப் பிடியுங்கள்.

11. அம்மா உட்கார்ந்துட்டா, அப்படியே தள்ளிட்டுப் போலாமா?

கூடாது. இது சக்கர நாற்காலி இல்லை. கால் வைக்க இடம் இல்லாததால் பாதம் தரையில் இழுபடும், சக்கரத்துக்கு அடியில் மாட்டும். சின்னத் தடையில் சக்கரம் நின்றாலே வண்டி கவிழும். ஓடும் பேருந்திலோ ரயிலிலோ இதன் இருக்கையில் உட்காருவதும் அதே அளவு ஆபத்து.

சில நாள் நடப்பார், சில நாள் தள்ளத்தான் வேண்டும் என்றால், கால் தாங்கியோடு இரண்டு வேலைக்கும் சேர்த்தே செய்த மாடல்கள் இருக்கின்றன. அவை கனம் கூடியவை, 8ஆம் கேள்வியில் சொன்ன "யார் தூக்குவது" என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

12. கைப்பிடியில பை மாட்டிக்கலாமா?

வேண்டாம். உயரத்தில் தொங்கும் பாரம் வண்டியைச் சாய்க்கும், திருப்பும்போது ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் கம்பியிலும் சிக்கும். இருக்கையின் கீழே இருக்கும் பையில் வையுங்கள்.

13. சரிவு, நடைபாதை விளிம்பு, படிக்கட்டு எல்லாம் எப்படிச் சமாளிக்கறது?

சரிவில் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் லேசாக இழுத்துப் பிடித்தபடி போக வேண்டும். வண்டியை முன்னால் ஓடவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு பின்னால் போகக் கூடாது. உடம்பு எப்போதும் இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கட்டும். சரிவில் உட்கார வேண்டாம், பிரேக் பூட்டியிருந்தாலும் வேண்டாம்.

விளிம்பு ஏற, சில வண்டிகளில் பின் சக்கரத்தருகே காலால் மிதிக்க ஒரு சின்னக் கம்பி இருக்கும். மிதித்தால் முன் சக்கரம் எழும். அதற்கு ஒற்றைக் காலில் நிற்கும் தைரியம் வேண்டும், எல்லோருக்கும் அது இருக்காது. துணைக்கு இருப்பவர் தூக்கி வைப்பதே மேல். படிக்கட்டிலும் நகரும் படிக்கட்டிலும் ரோலேட்டரே கூடாது.

14. கைத்தடியிலேயே சீட் வருதே, அது கையடக்கமா இருக்கு. அதை வாங்கிட்டா என்ன?

விரித்தால் மூன்று காலும் ஒரு சின்ன இருக்கையும் வரும் தடியைக் கேட்கிறீர்கள். சமநிலை நன்றாக இருந்து, நீண்ட நேரம் நிற்பது மட்டுமே கஷ்டம் என்பவர்களுக்கு அது அருமையான பொருள். வரிசையில் காத்திருக்கும்போது விரித்து உட்காரலாம். கைப்பிடி உங்களுக்கு முன்னால் இருக்கும்படி, அதைப் பிடித்துக்கொண்டு உட்காரும் விதத்தில்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். மறதியில்கூடப் பின்னால் சாய முயலக் கூடாது, முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

தள்ளாட்டம் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். களைத்துப்போன நேரத்தில் கையிலிருக்கும் ஒரே பிடியை விரித்து, தரையில் ஊன்றி, திரும்பி உட்கார வேண்டும். அந்தச் சில நொடிகள் அவர்கள் எதையும் பிடிக்காமல் நிற்கிறார்கள்.

15. கொஞ்ச தூரம் நடந்தா கால் மரத்துப் போகுது, உட்கார்ந்தா சரியாகுது. இதுக்கு உதவுமா?

நிறையப் பேருக்கு உதவும். முதுகெலும்பில் நரம்பு போகும் வழி குறுகிப் போனவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். லேசாக முன்னால் குனியும்போதும் உட்காரும்போதும் அந்த வழி கொஞ்சம் விரிகிறது, மரமரப்பு அடங்குகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு மட்டும் 4ஆம் கேள்வியில் சொன்ன உயரத்திலிருந்து ஒரு துளை இறக்கிப் பார்க்கச் சொல்வேன். நுரையீரல் நோயால் மூச்சு வாங்குகிறவர்களுக்கும், கையை ஊன்றி லேசாக முன்சாய்வது மூச்சைச் சுலபமாக்கும். ஆனால் கால் மரத்துப்போவதற்கு வேறு காரணங்களும் உண்டு, இரத்த ஓட்டக் குறைவும் அதில் ஒன்று. முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

16. அப்பாவுக்குப் பார்க்கின்சன். வாக்கர் அவரை இழுத்துக்கிட்டு ஓடுது.

பார்க்கின்சன் என்ற நரம்பு நோயில் எடுத்து வைக்கும் எட்டு சிறிதாகி வேகம் கூடிக்கொண்டே போகும், உடம்பு முன்னால் சாயும். சாதாரண ரோலேட்டர் அந்த வேகத்துக்குத் துணை போகும். இவர்களுக்கென்று பிரேக் தலைகீழாக வேலை செய்யும் வகை இருக்கிறது: நெம்புகோலை அழுத்திப் பிடித்தால்தான் சக்கரம் உருளும், கையை விட்டால் நின்றுவிடும். சிலவற்றில் தரையில் ஒளிக்கோடு விழும். கால் உறைந்து நிற்கும்போது, அந்தக் கோட்டைத் தாண்டுவதாக நினைத்து எட்டு வைக்கப் பலரால் முடிகிறது. கட்டாயம் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

17. பாட்டிக்கு ஞாபக மறதி. பிரேக் போடவே மறந்துடறாங்க.

இரண்டு வாரம் பக்கத்திலிருந்து தினமும் பழக்கிப் பாருங்கள். ஆரம்ப நிலை மறதியில் பலருக்குக் கை பழகிவிடுகிறது. பழகவில்லை என்றால், உட்காரும்போது யாராவது கூட இருக்க வேண்டும். தனியாக நடமாடும் நேரத்துக்கு இருக்கை இல்லாத வாக்கரே பாதுகாப்பு. அதில் உட்காரத் தோன்றாது.

18. நிமிர்ந்து நடக்கற மாதிரி, முழங்கையை ஊன்றிக்கற மாடல் நல்லதா?

மணிக்கட்டு வலி, விரல் முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நல்லது, பாரம் முன்கையில் பரவுகிறது. ஆனால் அது உயரமானது, கனமானது, வளைக்க அதிக இடம் கேட்கும். கூன் நிமிர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள். எலும்பே வளைந்திருந்தால் வண்டி அதை நிமிர்த்தாது.

19. சொந்தக்காரங்க பழசு ஒண்ணு தர்றாங்க. வாங்கிக்கலாமா?

4, 5, 6, 8 ஆகிய கேள்விகளில் சொன்ன அளவுகள் பொருந்தினால் வாங்கிக்கொள்ளலாம். பிரேக்கை 9இல் சொன்னபடி சோதியுங்கள். பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் கம்பி தளர்ந்திருக்கும், திருகி இறுக்கலாம். டயர் வழவழவென்று தேய்ந்திருந்தால் பிரேக் கட்டைக்குப் பிடிக்க ஒன்றுமில்லை, சக்கரத்தை மாற்ற வேண்டும். சட்டத்தின் இணைப்புகளில் வெடிப்பு தெரிந்தால் வேண்டவே வேண்டாம்.

ஒருவர் கொண்டுவந்த வண்டி இடப்பக்கமே இழுத்தது. கவிழ்த்துப் பார்த்தோம். முன் சக்கர அச்சில் தலைமுடியும் நூலும் கயிறு திரித்ததுபோல் இறுகிச் சுற்றியிருந்தன. கத்தரிக்கோலால் வெட்டி இடுக்கியால் இழுத்ததும் ஒரு பிடி அளவு வந்தது. அப்புறம் நேராக ஓடியது. மாதம் ஒருமுறை இதைப் பாருங்கள்.

20. "எனக்கு என்ன நடைவண்டியா?"ன்னு அப்பா தொடவே மாட்டேங்கறார்.

அந்த வார்த்தைக்குள் இருக்கும் வலி உண்மையானது, அதோடு வாதாடாதீர்கள். ரோலேட்டரை உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐனா வீஃபால்க் என்ற பெண்மணி. இளம் வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1978இல் தனக்கே வேண்டும் என்று யோசித்து உருவாக்கினார். நடக்க விரும்பிய ஒருவர் தன் நடைக்காகச் செய்துகொண்ட கருவி இது. சிலருக்கு இந்தக் கதையே மனதை மாற்றியிருக்கிறது.

மற்றபடி, வாங்கி வந்து முன்னால் நிறுத்தாதீர்கள். அவரையே கூட்டிப்போய் மூன்று நான்கை ஓட்டிப் பார்த்து, நிறம் உட்பட அவரே தேர்ந்தெடுக்கட்டும். முதல் நடை மருத்துவமனைக்கு வேண்டாம். இரண்டு வருடமாகப் போகாமல் நின்றுபோன ஒரு நண்பர் வீடு இருக்கும், அங்கே போகட்டும்.

21. இதுவும் போதாதுன்னு எப்போ தெரியும்?

கைப்பிடியை விட்டுவிட்டு முன்கையை ஊன்றித் தள்ளுகிறார், பத்து எட்டுக்கு ஒருமுறை உட்காருகிறார், வண்டியோடு ஒரு முறையாவது விழுந்திருக்கிறார் என்றால் திரும்பவும் நடையைக் காட்ட வேண்டிய நேரம். தொட்டுக்கொண்டு நடந்தவர் இப்போது தொங்கத் தொடங்கிவிட்டார் என்று பொருள். திடீரென்று சில நாட்களுக்குள் இப்படி ஆனால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள், அது வண்டிப் பிரச்சினையாக இருக்காது.